இரைச்சல் என்று துடைத்தது

அண்ணன் வீட்டு மாடி அறைக்குள் போக வேண்டுமென்றால் கைபேசியை வாசலில் இருக்கும் கூடையில் போட வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டும். நாற்காலியில் அசைந்து உட்காரக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமித் தீர்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில்கூட இத்தனை கெடுபிடி கிடையாது. அவளுக்குத் தெரியும், அவள் ஆஸ்பத்திரிக்காரி.

எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "தோடு, சங்கிலி, வளையல் எல்லாம் கழட்டுங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. கேக்குதா?" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊராருக்கு உத்தரவு போடுகிறவள். அப்படிப்பட்டவளைப் பார்த்து அண்ணன், "பாப்பா, அந்த வளையல மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்ததும் சுருக்கென்றது. நாற்பதைத் தாண்டிய பெண்ணைப் பிறத்தியார் முன்னால் பாப்பா என்று கூப்பிடுவது ஒன்று, வளையலைக் கழற்றச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு கழற்றிக் கூடையில் போட்டாள். அந்தக் கேசட்டுக்காக இன்றைக்கு எதையும் விழுங்கலாம் என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

அப்பாவின் கேசட் அது. அப்பா அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை பார்த்தவர், சரியான பாட்டுப் பைத்தியம். யாரிடமோ இரவல் வாங்கிவந்த டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, ஒருநாள் ஒரு பழைய பாட்டை முழுசாகப் பாடிப் பதிவு செய்தார். அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். அப்பாவின் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் என்ன சொல்கிறது என்று புரியாது. அப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மட்டும், அதன் கடைசி வார்த்தை தெளிவாக வந்து விழும். "கேக்குதா?"

அது அம்மா.

அந்தப் பதிவுக்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அப்போது நடக்கக்கூடத் தெரியாத குழந்தை. அண்ணனுக்கு ஒன்பது வயது. அம்மாவின் முகம் அவளுக்குப் போட்டோவில் கிடைத்தது. குரல் கிடைத்தது அந்த ஒரே வார்த்தையில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கேசட்டைத் திருப்பித் திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுவருவாள். கேக்குதா? கேக்குது. கேக்குதா? கேக்குதும்மா. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அந்த வார்த்தை அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரேக்கு வந்து நிற்கிற நெஞ்சுவலிக்காரர்களெல்லாம் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறந்து வீட்டைக் காலி செய்தபோது அவள் வேறு எதையும் கேட்கவில்லை. பாத்திரத்தையும் பீரோவையும் அண்ணியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கேசட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தவளிடம் அண்ணன் வந்து நின்றான்.

"உங்கிட்ட இதப் போட மெஷினே இல்லையே பாப்பா. நாடா வேற மக்கிப் போயிருக்கு. ஒலி சமாசாரத்தை எங்கிட்ட விடு. முறையா சுத்தம் பண்ணி, அம்சமா எடுத்துத் தரேன்."

கொடுத்தாள். அன்றைக்கு அவள் புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் "வேலை நடந்துக்கிட்டே இருக்கு, அவசரப்பட்டா காரியம் கெட்டுரும்" என்பான். அம்மா குரல் பத்திரம் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறவர்கள் ஈரத்தோடு கொண்டுவா என்றா சொல்வார்கள்? கடைசியில் போன வாரம் அவனே கூப்பிட்டான். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. எங்க வட்டத்துல உனக்காகவே போடறேன். நீதான் நடு நாற்காலி."

வட்டம் என்பது அண்ணனையும் சேர்த்து நான்கு ஆண்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, கண்ணை மூடிக்கொண்டு ஒலிபெருக்கி கேட்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் அனுபவம் சொல்வார்கள். அண்ணன் இன்சூரன்ஸ் சர்வேயர், வாரமெல்லாம் மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து இந்த அறையில் மனசைத் தேற்றிக்கொள்கிறவன். அவனுக்கு வலப்பக்கம் ஒரு பல் டாக்டர். இடப்பக்கம் ஒரு வக்கீல். ஓரமாக 'வால்வு' என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெரியவர். கண்ணாடி வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயரைத் தவிர மற்றதெல்லாம் தகர டப்பா என்பது அவர் கட்சி.

அவள் உள்ளே வந்தபோது பல் டாக்டர் அனுபவத்தில் இருந்தார். "ஸ்பீக்கர சுவத்துலேருந்து ரெண்டு சாண் முன்னாடி இழுத்து வெச்சேன். அவ்வளவுதான். என் வீட்டுக்காரி ஓடி வந்து, யாரு உள்ள பாடறதுன்னு கேட்டா!"

"எங்க வீட்லயும் இழுத்து வெச்சேன்" என்றார் வக்கீல். "அவளும் ஓடித்தான் வந்தா. எவன் இதை நடு வழியில வெச்சதுன்னு கேட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அறையின் இரண்டு மூலைகளிலும் அவள் தோள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் நின்றன. அவை நிற்க வேண்டிய இடத்தைத் அண்ணன் தரையில் டேப் ஒட்டிக் குறித்திருந்தான். சுவரெல்லாம் கம்பளி மெத்தை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை. நடுவில் ஒற்றை நாற்காலி. விருந்தாளிக்குத்தான் முதல் உரிமை, பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது வட்டத்தின் சட்டம். அவள் போய் உட்கார்ந்தாள்.

"மாசக்கணக்கா உக்காந்து பண்ணினது" என்றான் அண்ணன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி முகத்தில் ஒரு வெட்கம். "அப்பா இங்கயே வந்து நின்னு பாடற மாதிரி இருக்கும், பாரு."

இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் அப்பா வந்து நின்றார். நாக்கு மேலண்ணத்தில் படுவதுகூடக் கேட்டது. அட, அண்ணன் சாமர்த்தியக்காரன்தான், தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் தொடங்கியதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். இந்தா, இப்போது வரும். இத்தனை துல்லியமாக இருக்கிற இடத்தில் அம்மா எப்படி வருவாளோ. அப்பா அந்த நீண்ட வரியை இழுத்தார், முடித்தார், மூச்சு வாங்கினார்.

ஒன்றுமில்லை.

துடைத்துவிட்ட தரை மாதிரி ஒரு மௌனம், அவ்வளவுதான். அப்பா அடுத்த வரிக்குப் போய்விட்டார். நாம்தான் தவறவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். அடுத்த வரியில் வருமோ என்று காத்தாள். பாட்டு முடிந்தேபோயிற்று.

"ஒரு பொட்டு இரைச்சல் இல்ல!" என்று பல் டாக்டர் தொடையைத் தட்டினார். "பாட்டுக்குப் பின்னாடி என்னா அமைதி, சார்!"

"அம்மா எங்க?" என்றாள் அவள்.

யாருக்கும் புரியவில்லை. வால்வு மட்டும் மரியாதையாக, "எந்த அம்மா?" என்று கேட்டார்.

"அண்ணா, உன்னத்தான் கேக்கறேன். ரெண்டாவது சரணத்துல அம்மா பேசுவாங்க. எங்க?"

அண்ணன் விழித்தான். "பின்னாடி ஏதோ கசமுசன்னு இருந்துச்சு பாப்பா. பாத்திர சத்தம், ஃபேன், பக்கத்து வீட்டு ஆளுங்க... அதெல்லாம்தான் எடுத்தேன்."

"பக்கத்து வீடா? அம்மா உனக்குப் பக்கத்து வீடா?"

"அது அம்மாவா?" என்றான். நடிப்பில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவள்மேல் நெருப்பைக் கொட்டியது.

"காதுல கேட்டுட்டுத்தான எடுத்த?"

"கேட்டு எடுக்கறதில்ல பாப்பா" என்று அவன் விளக்க ஆரம்பித்தான். எரிகிற வீட்டில் நின்றுகொண்டும் அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். "கம்ப்யூட்டர்ல பாட்டு படமா தெரியும். அப்பா குரல் பட்டை பட்டையா அழகா இருக்கும். அதுமேல கறை கறையா இருக்கறதத் தனியா தேச்சு எடுக்கணும். ஒவ்வொன்னா, கண்ணால பாத்து..."

"கண்ணால பாத்து." அவள் எழுந்துவிட்டாள். "காது, காது, காதுன்னு வீட்டையே கம்பளியால மூடி வெச்சிருக்க. உள்ள வரவங்கள மூச்சு விட விட மாட்டேங்கற. கடைசில அம்மா குரல, கறையா தெரியுதுன்னு கண்ணால பாத்துத் தேச்சிருக்க. நான் எக்ஸ்ரேல கறை தெரியுது, பாக்க நல்லா இல்லன்னு துடைச்சுக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? படம் ஜோரா இருக்கும். ஆள் செத்திருப்பான்."

"தங்கச்சி, உக்காந்து பேசலாமே" என்றார் வக்கீல்.

"நீங்க சும்மா இருங்க. உங்க வீட்டுக்காரம்மா கேட்டது சரியான கேள்வி." அண்ணனிடம் கையை நீட்டினாள். "கேசட்டக் குடு. உன் சுத்தமும் வேண்டாம், சுகாதாரமும் வேண்டாம். பழையபடி கரகரன்னே கேட்டுக்கறேன்."

அவன் அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்தான். புதுப் பெட்டி, புது உறை. ஆனால் நீட்டிய கை பாதியில் நின்றது.

"என்ன?"

"இதுலயும் சுத்தம் பண்ணினதத்தான் திரும்பப் பதிஞ்சிருக்கேன்" என்றான், குரல் வெளியே வராமல். "அப்பா கேசட்டு... அதுலயே அப்பா பாட்டு நல்லபடியா இருக்கட்டுமேன்னு..."

"அதுக்கு மேலேயேவா?"

அவன் புது உறையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"கம்ப்யூட்டர்ல முதல்ல ஏத்தினது இருக்குமே?"

"அதுமேலயேதான் வேலை பண்ணி சேமிச்சுக்கிட்டு வந்தேன்."

அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நேராக இடதுபக்க ஒலிபெருக்கியிடம் போனாள். வட்டத்தின் மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று யாரும் எழவில்லை, ஒலிபெருக்கிக்கு என்ன ஆகுமோ என்று எழுந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அதன் தலையில் கையை வைத்தாள். லேசாகச் சாய்த்தாள். டேப் குறியிலிருந்து அது நகர்ந்தது.

"பாப்பா, வேண்டாம்."

"பதறுதில்ல? மரப்பெட்டிக்குப் பதறுது. உனக்கு அப்ப ஒன்பது வயசு. அவங்க உனக்கு சோறு ஊட்டியிருக்காங்க, கதை சொல்லியிருக்காங்க, முதுகுல ரெண்டு வெச்சிருக்காங்க. உங்கிட்ட ஒன்பது வருஷம் இருக்கு. எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒன்னையும் இரைச்சல்னு தேச்சு எடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

"எனக்கு அவங்க குரல் ஞாபகம் இல்ல பாப்பா" என்றான் அண்ணன்.

கம்பளிச் சுவர் அவன் சொன்னதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது.

"முகம் ஞாபகம் இருக்கு. கை ஞாபகம் இருக்கு. குரல் இல்ல. எப்போ போச்சுன்னுகூடத் தெரியல. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அதற்காக அவள் இரங்கிவிடவில்லை. வெட்கங்கெட்டவன், மறந்தது போதாதென்று அழிக்கவும் செய்தான் என்றுதான் தோன்றியது. வாயில் வந்ததைச் சொல்லவும் போனாள். அதற்குள் பல் டாக்டர், சொத்தைப் பல்லைத் தொட்டுப் பார்க்கிறவர்போல மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"சார்... போன மாசம் ஒன்னு போட்டீங்களே. குப்பை, குப்பைன்னு. அது இல்லையா இப்ப?"

"என்ன குப்பை?" என்றாள் அவள்.

பல் டாக்டருக்குச் சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "இல்ல, தங்கச்சி... துடைச்சு எடுக்கறதெல்லாம் அந்த சாஃப்ட்வேர்ல தனியா ஒரு ஃபைல்ல போய்ச் சேருமாம். எவ்ளோ அழுக்கு எடுத்திருக்கார் பாருங்கன்னு காட்டறதுக்காக ஆரம்பத்துல கொஞ்சம் போட்டார். ஒரே உஸ்ஸுன்னு... சும்மா விளையாட்டுக்குத்தான், கொஞ்சம் சிரிச்சோம்."

"சிரிச்சீங்க."

பல் டாக்டர் தம் செருப்பைத் தேடுவதுபோல வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அண்ணி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கத்தல் கீழேவரை போயிருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி இந்த அறையின் நிலைப்படியைத் தாண்டியதில்லை, எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிட்டுப் போவாள். இப்போது இரண்டு கையிலும் வளையல் குலுங்க உள்ளே வந்து, தட்டை ஆம்ப்ளிஃபயரின் மேலேயே டக்கென்று வைத்தாள்.

"எதுக்கு நிக்கறீங்க? அதப் போடுங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் போட்டான். அவள் நடு நாற்காலிக்குப் போகவில்லை. ஒலிபெருக்கியின் தலையைப் பிடித்தபடியே நின்றாள். இதிலும் இல்லையென்றால் இதைத் தள்ளிவிட்டுத்தான் படி இறங்குவது என்று தீர்மானமாக இருந்தாள்.

முதலில் உஸ்ஸென்ற இரைச்சல், விடாமல் பெய்கிற தூறல் மாதிரி. அப்பாவின் பாட்டு துளியும் இல்லை, அதன் நிழல்கூட இல்லை. ஃபேன் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் வாளி தரையில் உரசியது. வளையல் சத்தம். அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அசையாமல் நின்றிருந்தாள். வளையல் ஒலிபெருக்கிக்குள் இருந்தது.

ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு வீரிட்டு அழத் தொடங்கியது.

"என்னங்க!" என்றாள் அம்மா. "பாப்பா முழிச்சிட்டா. என் கை பூரா சோப்பு. கத்திக்கிட்டே இருக்கேன், உங்க பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பாட்டு எங்கயும் ஓடிடாது. அந்தப் பொட்டிய அணைச்சுட்டு வந்து புள்ளயத் தூக்குங்க. கேக்குதா?"

இத்தனை வருஷமாக அதை அவள் கொஞ்சல் என்று நினைத்திருந்தாள். கொஞ்சலாவது ஒன்றாவது. அம்மா கடுங்கோபத்தில் இருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் கல்லில் துணியை அறைகிற மாதிரி அறைந்திருந்தாள். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும், "இவளுக்கு மட்டும் மூக்குக்கு மேல கோபம் எங்கேருந்துதான் வருதோ" என்பார், சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். எங்கிருந்து என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அப்பா வரவில்லை. பாட்டுதான் நிற்காமல் ஓடியிருக்கிறதே, எப்படி வருவார்? குழந்தை இன்னும் பலமாக அழுதது. அப்போது தடதடவென்று சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம்.

"நான் தூக்கறேம்மா!" என்றது ஒரு பையன் குரல். மூச்சுமுட்ட எதையோ தூக்குகிற முனகல். பிறகு, இத்தனை நாள் அப்பாவின் குரலுக்கு அடியில் கிடந்த கிசுகிசுப்பில், "அழாத பாப்பா. அழாத. அண்ணா வந்துட்டேன்ல."

அழுகை நின்றது. உஸ்ஸென்ற தூறல் மட்டும் கொஞ்ச நேரம் பெய்து ஓய்ந்தது.

யாரும் அனுபவம் சொல்லவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வால்வு நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அண்ணன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவை, அழுகிற தங்கையை, தன்னையே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்பாவை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறான். அவளுக்கு அவனை அடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, தூக்கி உட்கார வைக்கவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததே இன்னும் எரிச்சலாக இருந்தது. நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே இந்த மனிதன்.

"பாப்பா" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பின்னாடி அந்த உஸ்ஸு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. அத மட்டும் லேசா குறைச்சு..."

"தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"முதல்ல இதை அப்படியே எனக்கு அனுப்பு. இப்பவே, என் கண்ணு முன்னாடி. அண்ணிக்கும் ஒன்னு அனுப்பு, உன்னை நம்ப முடியாது. பேரை மாத்து, குப்பைன்னு இருக்கக் கூடாது."

அவன் எழுந்து ஒவ்வொன்றாகச் செய்தான். கூடையில் கிடந்த அவள் கைபேசி, ஃபைல் வந்துவிட்டது என்று கூவியது. இந்த அறையில் கைபேசிச் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிக்காத முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். அவள் போய் வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள், வேண்டுமென்றே சத்தம் வர. வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மறுபடி போடு. இன்னும் சத்தமா."

"இதுக்கு மேல வெச்சா ஸ்பீக்கர்..."

அவள் பார்த்த பார்வையில் அவன் குமிழைத் திருகினான். தூறல் அறையெங்கும் நிறைந்தது. வாளி, வளையல், அவளுடைய அழுகை. அம்மா நடு அறையில் வந்து நின்று, சோப்புக் கையோடு அப்பாவைத் திட்டித் தீர்த்தாள்.

"கேக்குதா?"

அண்ணன் தலையாட்டினான். அம்மா கேட்டது அப்பாவைத்தான். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் திட்டு வாங்குகிற பையனைப்போல ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆட்டட்டும், நன்றாக ஆட்டட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.